சாட்டிலைட் படத்தில் பனிப்பாறை தேடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இலவசமாகக் கிடைக்கிற செயற்கைக்கோள் படங்களை இறக்கி வைத்துக்கொண்டு, அண்டார்டிகாவையோ கிரீன்லாந்தையோ சுற்றி மிதக்கிற பனிப்பாறைகளை எண்ணவும் அளக்கவும் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடாருக்கு சென்டினல்-1, சாதாரண ஒளிப் படத்துக்கு சென்டினல்-2, லேண்ட்சாட் 8, 9. மென்பொருளுக்கு ஸ்னாப் (ரேடார் படத்தைப் பதப்படுத்த), கியூஜிஐஎஸ் (வரைபடத்தில் வரைந்து அளக்க), கூகுள் எர்த் இன்ஜின் (இணையத்திலேயே நிரல் எழுதிப் படங்களை அலச). இந்த வட்டத்துக்குள்தான் பேச்சு. முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை, உங்கள் திரையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை உங்கள் கணக்கில் பிறந்தவை அல்ல. கருவிகளில் இயல்பாக இருக்கிற அமைப்புகள் நிலத்தையும் கப்பலையும் மனதில் வைத்துச் செய்தவை, துருவக் கடலுக்கு அவை ஒத்துவருவதில்லை. ஆகவே வரம்பு எண்ணை ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பெட்டியில் டிக் தானாகவே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: தேடினால் படமே வரவில்லை

முதலில் வடிகட்டியைப் பாருங்கள். நிலப்பகுதிக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து வந்திருந்தால் அதில் ஐடபிள்யூ முறை (நிலத்துக்கான படமெடுப்பு முறை), விவி போலரைசேஷன் (ரேடார் அலையின் அதிர்வுத் திசை: வி செங்குத்து, எச் கிடைமட்டம்; முதல் எழுத்து அனுப்புவது, இரண்டாவது வாங்குவது) என்று இருக்கும். துருவக் கடலில் சென்டினல்-1 பெரும்பாலும் இடபிள்யூ என்ற அகலப்பட்டை முறையில், எச்எச் மட்டுமோ எச்எச்சும் எச்வியும் சேர்த்தோதான் படமெடுக்கிறது: 400 கிலோமீட்டர் அகலம், 40 மீட்டர் பிக்சல். விவி வேண்டும் என்று கேட்டால் எர்த் இன்ஜின் பிழைச் செய்திகூடத் தராது, காலித் தொகுப்பை நீட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

வடிகட்டி சரி என்றால் இடம். கரையை விட்டு வெகுதூரம் போன திறந்த கடலில் சென்டினல்-1 முழுப் படம் எடுப்பதில்லை, அலைகளை ஆராய்வதற்காக 20 கிலோமீட்டர் சதுரத் துண்டுகளை இடைவெளி விட்டுவிட்டு எடுக்கிறது, அவ்வளவுதான். சென்டினல்-2 முதன்மையாக நிலத்துக்கும் கரையோரத்துக்கும் ஆனது. ஆகவே தென் சமுத்திரத்தின் நடுவில் தனியாக மிதக்கிற பாறைக்கு நாசாவின் மோடிஸ் கருவி எடுக்கிற, 250 மீட்டர் பிக்சல் கொண்ட படம்தான் பல நாட்களில் கிடைக்கிற ஒரே வழி. பெரிய பாறைக்கு அது போதும்.

அப்புறம் காலம். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றுவிட்டது, சென்டினல்-1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் 1ஏ மட்டும்தான் ஓடியது, அதனால் அந்த ஆண்டுகளில் படங்களுக்கு நடுவே ஓட்டை விழுந்திருப்பது உங்கள் தேடலின் குற்றமல்ல. ஒளிப் படத்துக்கு இன்னொரு விஷயம்: தெற்கே ஜூன் மாதத்திலும் வடக்கே டிசம்பரிலும் உயர் அட்சரேகையில் சூரியன் எழுவதே இல்லை. அந்த மாதங்களில் ரேடாரை விட்டால் வேறு கதியில்லை.

அறிகுறி: டெரெய்ன் கரெக்‌ஷன் முடிந்ததும் கடல் காலி

ரேடார் படத்தை நில உயரத்துக்கு ஏற்பத் திருத்தி வரைபடத்தில் பொருத்த, ஸ்னாப்பில் ரேஞ்ச் டாப்ளர் டெரெய்ன் கரெக்‌ஷனை ஓட்டுகிறீர்கள், வெகுநேரம் ஓடுகிறது, கடைசியில் திறந்து பார்த்தால் கடல் இருந்த இடம் எல்லாம் வெறுமை. சில சமயம் படம் முழுக்கவே வெறுமை.

இரண்டு டிக்குகள் சேர்ந்து செய்கிற வேலை இது. உயரத் தகவல் இல்லாத இடங்களை மறைத்துவிடு என்ற பெட்டி இயல்பாகவே தேர்வாகியிருக்கும். கடலுக்கு உயரம் எங்கிருந்து வரும், எனவே கடல் போய்விடும். இரண்டாவது, உயர மாதிரி (நிலத்தின் உயரத் தகவல் கோப்பு) எஸ்ஆர்டிஎம் என்று இருக்கும். அது வடக்கே 60 டிகிரி, தெற்கே 56 டிகிரி, அதோடு முடிந்தது. அதற்கு மேலே நிலத்துக்கும்கூட உயரம் கிடையாது என்பதால்தான் படம் முழுவதும் காலியாகிறது. முதல் டிக்கை எடுங்கள், உயர மாதிரியை கோப்பர்நிகஸ் 30 மீட்டருக்கு மாற்றுங்கள். கரையே இல்லாத திறந்த கடல் என்றால் டெரெய்ன் கரெக்‌ஷனே வேண்டாம், பூமியை மேடுபள்ளமில்லாத, சற்றுத் தட்டையான உருண்டையாக வைத்துக் கணக்கிடுகிற எலிப்சாய்டு கரெக்‌ஷன் போதும், நேரமும் மிச்சம்.

நிலத்தை மறைக்கிற லேண்ட்-சீ மாஸ்க்கிலும் இதே எஸ்ஆர்டிஎம் தலைவலி உண்டு. துருவத்தில் அதை நம்பாமல், கரைக்கோட்டு வெக்டர் கோப்பு ஒன்றை ஏற்றி மறையுங்கள். அண்டார்டிகாவில் பனித்தட்டுகளின் (நிலப்பனி கடல்மேல் நீண்டு மிதக்கிற பரப்புகளின்) விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கும், உடைந்தால் ஒரேயடியாகப் பின்வாங்கும். பழைய கரைக்கோட்டைப் போட்டால் புதிதாக உடைந்து பிரிந்த பாறை மறைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், தேடினாலும் கிடைக்காது.

அறிகுறி: ஒளிப் படத்தில் எல்லாம் ஒரே வெள்ளை, மேகம் எது பனி எது என்று தெரியவில்லை

பார்வை அமைப்பை முதலில் மாற்றுங்கள். இயல்பான வெளிச்ச அமைப்பு புல்லுக்கும் மண்ணுக்கும் வைத்தது, பனி அதைத் தாண்டி நிறைவுற்றுப்போகும். மேல் வரம்பைத் தூக்கி, சென்டினல்-2 எண்ணில் 10,000-க்கு அருகே வைத்தாலே பாறையின் மேற்பரப்பும் விளிம்பு நிழலும் தெரிய ஆரம்பிக்கும்.

மேகத்தைப் பிரிக்க 1.6 மைக்ரான் அகச்சிவப்பு பேண்ட் (அலைநீளப் பட்டை), சென்டினல்-2-இல் பி11, லேண்ட்சாட் 8-இல் பி6. பனி அந்த அலைநீளத்தை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரியும், நீர்த்துளி மேகம் வெளுப்பாகத் தெரியும். நம்பகமான வழிதான், ஆனால் உயரத்தில் இருக்கிற பனிப்படிக மேகம் இதே பேண்டில் கறுத்துப்போய் பாறை மாதிரி நடிக்கும். அதைப் பிடிக்க ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. சென்டினல்-2 தன் பேண்டுகளை எல்லாம் ஒரே கணத்தில் ஒரே கோணத்தில் எடுப்பதில்லை, எனவே உயரத்தில் இருக்கிற மேகத்தின் ஓரத்தில் மெல்லிய வானவில் கோடு விழும். கடல்மட்டத்தில் கிடக்கிற பாறைக்கு அது விழாது. இயற்கை வண்ணப் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பாருங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

2022 தொடக்கம் வரை ஒழுங்காக ஓடிய வரம்பு அதற்கப்புறம் திடீரென்று எல்லாவற்றையும் பனி என்கிறதா? 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் எண்களோடு 1000 கூட்டி எழுதுகிறார்கள். கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். எர்த் இன்ஜினில் ஹார்மனைஸ்டு என்று பெயருள்ள தொகுப்பை எடுத்தால் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

அறிகுறி: கண்டுபிடிப்பான் கடல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காட்டுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இது, எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரேடாரில் பாறை தேடுவதற்குப் பலரும் எடுப்பது சிஃபார் வகைக் கண்டுபிடிப்பான். ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள கடலின் வெளிச்சத்தைப் பார்த்து, அதைவிட மிகவும் பிரகாசமாக இருந்தால் பொருள் என்று குறிக்கும். தவறாகக் குறிக்கிற வாய்ப்பை நீங்கள் கொடுக்கிறீர்கள். பத்து லட்சத்தில் ஒன்று என்று கொடுத்தால் மிகக் கறாராகத் தோன்றும், ஆனால் ஒரு இடபிள்யூ படத்தில் ஏறக்குறைய 10,000-க்கு 10,000, அதாவது 10 கோடி பிக்சல்கள் இருக்கின்றன. எல்லாம் கச்சிதமாக நடந்தாலே 100 பொய்ப் புள்ளிகள் வந்து விழும். அவை பெரும்பாலும் தனி பிக்சல்களாகவே வரும். ஒற்றைப் பிக்சலை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்தடுத்து ஒட்டியுள்ள மூன்று நான்கு பிக்சல்களாவது சேர்ந்தால்தான் பாறை என்று வையுங்கள். சின்னப் பாறைகள் சில கைநழுவும்தான், ஆனால் 40 மீட்டர் பிக்சலில் 100 மீட்டருக்குக் குறைவான எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே நிஜம். 5 மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர்கூடத் தலைகாட்டாத குட்டித் துண்டுகளைக் கப்பல்காரர்கள் க்ரௌலர் என்பார்கள், கப்பலைக் கிழிக்க அதுவே போதும். அது உங்கள் படத்தில் வரவே வராது. படம் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து அந்தக் கடலில் பனி இல்லை என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நூறு அல்ல, ஆயிரக்கணக்கில் வருகிறது என்றால் புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். வரம்பு எண்ணை மாற்றுவதைவிட இந்தப் பார்வை அதிகம் சொல்லும்.

படத்தின் ஒரு பக்கத்தில், ரேடாருக்குக் கிட்டே உள்ள ஓரத்தில் குவிந்தால் காற்று. பலமான காற்றில் கடல் கலங்கி, செங்குத்தான கோணத்தில் பார்க்கிற பக்கத்தில் எச்எச் வெளிச்சம் ஏறிவிடும். எச்விக்கு மாறினால் அலையின் இரைச்சல் பெருமளவு அடங்கும். முடிந்தால் அமைதியான நாளின் படத்தை எடுங்கள், அதைவிட நல்ல வடிகட்டி கிடையாது.

எச்வியில் நேர்க்கோட்டுப் பட்டைகளாகக் குவிந்தால் அது கடலே அல்ல, கருவியின் சொந்த இரைச்சல். இடபிள்யூ படம் ஐந்து துண்டுப் பட்டைகளை ஒட்டவைத்துச் செய்வது. ஒவ்வொன்றின் இரைச்சல் அளவும் வேறு, முதல் பட்டையில் அது அப்பட்டமாகத் தெரியும். அமைதியான கடலிலிருந்து எச்வியில் திரும்பி வருகிற சமிக்ஞை அந்த இரைச்சலுக்கும் கீழே என்பதால், நீங்கள் பார்ப்பது வெறும் கருவியை. இந்த இரைச்சலைக் கழிக்கிற தெர்மல் நாய்ஸ் ரிமூவலை, பிக்சல் எண்ணை உண்மையான ரேடார் வெளிச்ச அளவாக மாற்றுகிற காலிபரேஷனுக்கு முன்னாலேயே செய்யுங்கள், பின்னால் செய்தால் பலனில்லை. அப்படியும் பட்டைகள் கொஞ்சம் மிஞ்சும், குறிப்பாக 2018 மார்ச்சுக்கு முந்தைய பதப்படுத்தலில் வந்த கோப்புகளில், ஏனென்றால் செயற்கைக்கோள் ஓடுகிற திசைக்கான இரைச்சல் அட்டவணை அவற்றில் இல்லை. அங்கே பட்டை சேரும் இடத்தில் வருகிற புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடலாம்.

புள்ளிகள் பெரிய திட்டுகளாக, கந்தல் ஓரங்களோடு குவிந்தால் நீங்கள் கடற்பனிக்குள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கடல்நீரே உறைந்து உருவாகிற அந்தப் பனியின் மேடுகளும் முறிவுகளும் சென்டினல்-1 பயன்படுத்துகிற சி-பேண்ட் ரேடார் அலையில் பாறை மாதிரியே மின்னும். சுற்றியுள்ள கடலோடு ஒப்பிடுகிற கண்டுபிடிப்பானுக்கு அங்கே ஒப்பிடக் கடலே இல்லை, எந்த எண்ணைக் கொடுத்தாலும் பிழைக்காது. கடற்பனி எல்லைக்கோட்டைப் போட்டு அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து, இரண்டு மூன்று தேதிப் படங்களை அடுக்கிக் கண்ணால் பாருங்கள். கடற்பனி காற்றோடு போகும், ஆழமாக மூழ்கியிருக்கும் பாறை ஆழத்து நீரோட்டத்தோடு போகும், எனவே இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகரும், சில சமயம் பாறை கடற்பனியைக் கிழித்துக்கொண்டு பின்னால் கறுப்பு நீர்த்தடம் விட்டுப்போகும். அந்தத் தடம் கிடைத்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். எல்-பேண்ட் ரேடார் இங்கே நிலைமையைச் சற்று லேசாக்கும். 24 சென்டிமீட்டர் அலை கடற்பனியின் சின்னச் சொரசொரப்பைக் கண்டுகொள்வதில்லை, அதனால் பாறை தனித்துத் தெரிகிறது. 2025 ஜூலையில் ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோளில் அந்த பேண்ட் இருக்கிறது.

அறிகுறி: கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பெரிய பாறையை மென்பொருள் விட்டுவிடுகிறது

வேடிக்கையான கோளாறு: 80 மீட்டர் துண்டைப் பிடிக்கும், 8 கிலோமீட்டர் பாறையை விட்டுவிடும், இல்லையென்றால் அதன் ஓரத்தை மட்டும் வளையமாகக் குறிக்கும்.

ஸ்னாப்பின் கண்டுபிடிப்பான் கப்பலுக்காகச் செய்தது. நடுவில் பொருளுக்கு ஒரு சின்னச் சன்னல், அதைச் சுற்றி 500 மீட்டர் காவல் சன்னல், அதற்கும் வெளியே 800 மீட்டர் பின்னணிச் சன்னல். பாறை அதைவிடப் பெரிதாக இருந்தால் பின்னணி என்று அது அளப்பதும் பாறையைத்தான். பாறையைப் பாறையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் ஒன்றுமில்லையே என்று சொல்லிவிடும். போதாக்குறைக்கு, அடுத்த கட்டத்தில் கப்பல் அளவைத் தாண்டியவற்றை நீக்குகிற உச்ச நீள வரம்பும் இருக்கிறது. சன்னல்களையும் அந்த வரம்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் குறை அப்படியே நிற்கும். என்னைக் கேட்டால், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைகளுக்குக் கண்டுபிடிப்பானே வேண்டாம். படத்தைத் துண்டங்களாகப் பிரிக்கிற செக்மென்டேஷனோ கையால் வரைவதோ மேல். அந்த அளவில் ஒரு படத்துக்குள் எத்தனை பாறைதான் இருந்துவிடப் போகிறது.

கோடையில் மட்டும் இப்படி நடக்கிறது என்றால் காரணமே வேறு. உலர்ந்த குளிர்ந்த பனிக்குள் சி-பேண்ட் அலை புகுந்து, உள்ளிருந்து சிதறித் திரும்புவதால் பாறை வெளிச்சமாகத் தெரிகிறது. மேற்பரப்பில் கொஞ்சம் உருகுநீர் ஊறிவிட்டால் அலை உள்ளே போகாது, தட்டையான ஈர மேற்பரப்பு அதை ரேடாரை விட்டு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும், பாறை கறுத்துவிடும். வெளிச்சமான கடலில் கறுப்புப் பாறை! பிரகாசத்தை மட்டும் தேடுகிற எந்த நிரலும் இதைப் பார்க்காது. மேலும் கீழும் இரண்டு பக்கமும் வரம்பு வைக்கலாம், ஆனால் காற்றில்லாத கடல் திட்டும் எண்ணெய்ப் படலமும் கறுப்பாகத்தான் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. ரேடாரைப் பார்த்த பக்கம் மின்னுகிற மெல்லிய விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்துச் சுவர் ஈரமானாலும் மின்னும், காற்றில்லாத கடலுக்குச் சுவர் கிடையாது.

அறிகுறி: கப்பலைப் பாறை என்கிறது, பாறையைக் கப்பல் என்கிறது

சின்னப் பொருள்களில் இது முழுக்கத் தீராது. 2017-இல் நார்வே எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்ஆயிலும் கனடா ஆய்வு நிறுவனமான சி-கோரும் சேர்ந்து, தரவுப் போட்டித் தளமான கேகிளில் இதற்கென்றே போட்டி நடத்தின: 75-க்கு 75 பிக்சல் துண்டு, எச்எச், எச்வி, பார்வைக் கோணம், இவ்வளவுதான் கையில், கப்பலா பாறையா சொல்ல வேண்டும். ஒரே படத்தைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது அந்தத் துண்டுகளைப் பார்த்தாலே புரியும், பலவற்றில் மனிதக் கண்ணுக்கு ஒரு வெள்ளைப் பொட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அதனால் ஒரே படத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த படத்தில் பொருள் எங்கே இருக்கிறது? சில மணி நேரத்தில் பல பத்து கிலோமீட்டர் போயிருந்தால் கப்பல். பின்னால் வெள்ளைத் தடம் இருந்து, பொருள் அந்தத் தடத்தை விட்டுப் பக்கவாட்டில் தள்ளி நின்றாலும் கப்பல்தான், ஏனென்றால் வேகமாக நகர்கிற பொருளை ரேடார் இடம் மாற்றிக் காட்டும், பாறைக்கு அந்த வேகம் இல்லை. ஏஐஎஸ் (கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஒலிபரப்புகிற கருவி) தகவல் கிடைத்தால் ஒத்துப் பாருங்கள், ஆனால் ஏஐஎஸ்ஸில் இல்லை என்பதாலேயே பாறை என்று முடிவு கட்ட வேண்டாம், அதை அணைத்துவிட்டு ஓடுகிற படகுகள் உண்டு.

கடலில் எதுவுமே இல்லாத இடத்தில் மங்கலான இரட்டை தெரிகிறதா? கரையில் ஒரு பளிச்சென்ற முகடோ, பெரிய கப்பலோ இருந்தால் அதன் பேய்ப்பிம்பம் செயற்கைக்கோள் ஓடுகிற திசையில் சில கிலோமீட்டர் தள்ளி விழும். பட்டியலில் இருக்கும் புள்ளிக்கு அந்தத் திசையில் ஒரு மின்னும் பொருள் இருக்கிறதா என்று அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: பாறை நகரவே இல்லை, தீவாக இருக்குமோ

இருக்கலாம், அதற்கு வரைபடத்தைப் பாருங்கள். ஆனால் நகராததால் மட்டும் தீவு ஆகிவிடாது. ஏ23ஏ என்ற பாறை 1986-இல் ஃபில்ச்னர் பனித்தட்டிலிருந்து உடைந்து, வெடல் கடலின் தரையில் அடி தட்டி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தது. 2020 வாக்கில்தான் கிளம்பியது.

ஏமாற்று மறுபக்கமும் நடக்கும். 2021-இல் கிரீன்லாந்தின் வடக்கே உலகின் வடகோடித் தீவு கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. அடுத்த ஆண்டு போய் அளந்து பார்த்தபோது, அது மண்ணும் சரளையும் மூடிய, தரைதட்டி நின்ற பனிப்பாறை என்று தெரிந்தது. மேலே மண் மூடியிருந்தால் ஒளிப் படத்தில் பனிக்குறியீட்டு எண் (பனியைப் பிரித்தறிய பேண்டுகளை ஒப்பிட்டுக் கணக்கிடுவது) இறங்கிப்போய் நிலம் என்றே காட்டும். பல ஆண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஓரத்தின் வடிவத்தைப் பாருங்கள். தீவின் ஓரம் மாறாது, தரைதட்டிய பாறை இம்மி இம்மியாகத் திரும்பும், ஓரம் உடைந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி: பரப்பளவு எங்கேயும் ஒத்துப்போகவில்லை

ஏ-68 பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் லார்சன் சி பனித்தட்டிலிருந்து உடைந்தபோது சுமார் 5,800 சதுர கிலோமீட்டர். நீங்கள் வரைந்து அளந்தால் 40,000-க்குப் பக்கத்தில் வருகிறது என்றால் வரைந்ததில் தப்பில்லை, பின்னணியில் இணைய வரைபடத்தின் வெப் மெர்கேட்டர் வீழல் (உருண்டைப் பூமியைத் தட்டைப் படமாக்குகிற முறை) ஓடிக்கொண்டிருக்கிறது. தெற்கே அறுபத்தேழு, அறுபத்தெட்டு டிகிரியில் அது நீளத்தை 2.6 மடங்கு, பரப்பை ஏறக்குறைய 7 மடங்கு ஊதிவிடும்.

இதைச் சரிசெய்ய எல்லோரும் வீழல்களுக்கான எண் பட்டியலில் அண்டார்டிகாவுக்கு இபிஎஸ்ஜி 3031, ஆர்க்டிக்குக்கு 3413 என்று போலார் ஸ்டீரியோகிராஃபிக்குக்கு மாறுவார்கள். படம் பார்க்க அது சரி. பரப்புக்கு அதுவும் முழுக்கச் சரியில்லை, இது பலருக்குத் தெரிவதில்லை. 3031-இல் அளவு சரியாக இருப்பது 71 டிகிரி தெற்கில் மட்டும். துருவத்துக்குப் போகப் போகப் பரப்பு 5 சதவீதம்வரை குறையும், வடக்கே வர வரக் கூடும். ஏ-68ஏ-வும் ஏ23ஏ-வும் போய்ச் சேர்ந்த தெற்கு ஜார்ஜியா தீவு 55 டிகிரி வாக்கில் இருக்கிறது, அங்கே கிட்டத்தட்ட 14 சதவீதம் அதிகமாகக் காட்டும். பாறை வடக்கே மிதந்து கரைந்துகொண்டே போக, உங்கள் அட்டவணையில் அது பெருத்துக்கொண்டே போகும். பரப்புக்கென்று சம பரப்பு வீழலை எடுங்கள், தெற்குக்கு 6932, வடக்குக்கு 6931. கியூஜிஐஎஸ்ஸில் டாலர் குறியோடு வருகிற ஏரியா, ப்ராஜெக்ட்டில் கொடுத்த எலிப்சாய்டின் மேல் அளப்பதால் அதுவும் சரிதான். ஜியோமெட்ரியை அடைப்புக்குள் கொடுக்கிற ஏரியா வெறும் தட்டையான கணக்கு. இரண்டும் பெயரில் ஒன்றாக இருந்து ஆளைக் குழப்பும்.

இதெல்லாம் சரி, இன்னும் சில சதவீதம் இடிக்கிறது என்றால் ஓரப் பிக்சல். எல்லைக்கோடு அரைப் பிக்சல், அதாவது 20 மீட்டர் வெளியே போனால், 5 கிலோமீட்டர் சதுரப் பாறையில் பிழை 1.6 சதவீதம், ஒரு கிலோமீட்டர் பாறையில் 8 சதவீதம், 200 மீட்டர் துண்டில் 44 சதவீதம். ரேடாரில் உயரமும் சேரும்: 40 மீட்டர் உயரச் சுவர், 30 டிகிரி பார்வைக் கோணத்தில், கிட்டத்தட்ட 70 மீட்டர் ரேடார் பக்கமாகச் சாய்ந்து விழும். சின்னப் பாறைகளின் பரப்பை ஒவ்வொன்றாக வெளியிடாமல் அளவு வகுப்புகளாக வெளியிடுவது நேர்மையானது. 60 மீட்டர்வரை சிறியது, 120 வரை நடுத்தரம், 200 வரை பெரியது, அதற்கு மேல் மிகப் பெரியது என்று கடல்துறையிலேயே நீளத்தை வைத்து வகுப்புகள் இருக்கின்றன.

அறிகுறி: பாறை உலகத்தைச் சுற்றிக் கோடாக நீள்கிறது

180 டிகிரி தீர்க்கரேகை. ராஸ் கடலின் நடுவே அது போகிறது, எனவே அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இது வரும். பாறையின் ஒரு மூலை +179.9, இன்னொரு மூலை -179.9 என்றால் மென்பொருள் உலகத்தின் மறுபக்கம் வழியாகக் கோடு போட்டுவிடும். தீர்க்கரேகை, அட்சரேகையில் எதையும் வரையாமல், வரைவது முதல் சேமிப்பதுவரை 3031-லேயே வைத்திருங்கள். ஜியோஜேசன் கோப்பாக ஏற்றுமதி செய்ய நேர்ந்தால் மட்டும் அந்தக் கோட்டில் இரண்டாக வெட்டுங்கள்.

அறிகுறி: ஒரே பாறை இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது

உயர் அட்சரேகையில் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒரே நாளில் பல மணி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டி மொசைக் செய்தால், அதற்குள் சில கிலோமீட்டர் நகர்ந்துவிட்ட பாறை இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருக்கும். மாதச் சராசரிப் படத்தில் இன்னும் மோசம், பாறை தேய்ந்து மங்கலான பட்டையாகிவிடும். எண்ணிக்கைக்கு மொசைக்கே வேண்டாம். படம் படமாக எண்ணி, ஒவ்வொரு புள்ளியோடும் எடுத்த நேரத்தைச் சேமித்து, மேற்படிகிற இடத்தில் ஒரு படத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பெயர் வைத்துத் தொடர்கிறவர்களுக்கு வேறு குழப்பம் வரும். அமெரிக்க தேசியப் பனி மையம் அண்டார்டிகாவை நான்காகப் பிரித்து, பாறை முதலில் தென்பட்ட கால்பகுதியின் எழுத்தைக் கொடுக்கிறது: 0 முதல் 90 மேற்கு வரை ஏ, அங்கிருந்து 180 வரை பி, அடுத்தது சி, 90 கிழக்கிலிருந்து 0 வரை டி. பெயர் பிறந்த இடத்தோடு நின்றுவிடும், பாறை எங்கே போனாலும் மாறாது. உடைந்தால் பெரிய துண்டு ஏ-68ஏ, அடுத்தவை ஏ-68பி, ஏ-68சி என்று போகும். நீளம் 10 கடல்மைல் அல்லது பரப்பு 20 சதுரக் கடல்மைல் இருந்தால்தான் பெயரே. உங்கள் அட்டவணையில் ஒரு பாறை திடீரென்று மறைந்து இரண்டு புதியவை வந்திருந்தால், மூன்றின் பரப்பையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு அப்புறம் நிரலைச் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: உயரம் அபத்தமாக வருகிறது

ஐஸ்சாட்-2 லேசர் அளவீட்டை எடுத்து, ராஸ் கடலில் மிதக்கிற பாறையின் மேற்பரப்பு கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கிறது என்று வந்தால் பயப்பட வேண்டாம். அதன் அடிப்படைக் கோப்பில் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, டபிள்யூஜிஎஸ்84 எலிப்சாய்டிலிருந்து. ராஸ் கடலின் நீர்மட்டமே அந்த எலிப்சாய்டுக்கு 50 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. சராசரிக் கடல்மட்டத்தைக் காட்டுகிற ஜியாய்டு மாதிரியைக் கழிக்கலாம், ஆனால் அலையேற்ற இறக்கமும் காற்றழுத்தமும் மீதி நிற்கும். அதைவிட, அதே லேசர் கோட்டில் பாறைக்கு முன்னும் பின்னும் இருக்கிற திறந்த நீரின் உயரத்தை எடுத்துக் கழித்துவிடுவது எளிது, துல்லியமும் அதிகம்.

லேசர் கோடு பாறை மேல் விழாவிட்டால் நிழல். நிழல் நீளத்தை, படத்தின் தகவல் கோப்பில் இருக்கிற சூரிய ஏற்றக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்குங்கள். சூரியன் 10 டிகிரியில், நிழல் 170 மீட்டர் என்றால் சுவர் 30 மீட்டர். 10 மீட்டர் பிக்சலில் ஒரு பிக்சல் தவறினால் 1.8 மீட்டர் பிழை, மோசமில்லை. சூரியன் 35 டிகிரிக்கு ஏறிவிட்டால் அதே ஒரு பிக்சல் 7 மீட்டர் பிழையாகும், எனவே தாழ்ந்த சூரியன் உள்ள படத்தைத் தேடி எடுங்கள். நிழல் கடற்பனி மேல் விழ வேண்டும். திறந்த நீர் ஏற்கெனவே கறுப்பு, அதில் நிழலின் முனை எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நிழலைச் சூரியத் திசையிலேயே அளக்க வேண்டும், சுவருக்குச் செங்குத்தாக அல்ல.

உயரம் சரி, மொத்தத் தடிமன்தான் மற்றவர்கள் சொல்வதோடு பொருந்தவில்லை என்றால் அடர்த்தியைப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும் என்ற வழக்குமொழியை வைத்துக்கொண்டு யாரும் பத்தால் பெருக்கக் கூடாது. கடல்நீர் கனமீட்டருக்கு 1,027 கிலோ என்று வைத்து, பனியை 917 என்று எடுத்தால் 40 மீட்டர் வெளியே தெரிகிற பாறையின் தடிமன் 373 மீட்டர். மேலே இறுகாத பனி அடுக்கு உள்ள, புதிதாக உடைந்த தட்டைப் பாறைக்குச் சராசரி 850 என்று எடுத்தால் 232. அடர்த்தியில் 8 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் தடிமனில் 140 மீட்டரைத் தின்றுவிடுகிறது. எந்த அடர்த்தி எடுத்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இந்தச் சூத்திரம் சுதந்திரமாக மிதக்கிற தட்டைப் பாறைக்கு மட்டும்தான். தரைதட்டி நிற்பதற்கும், உருண்டு கவிழ்ந்து கூம்பாகவும் கோபுரமாகவும் ஆகிவிட்டதற்கும் ஒரே கோட்டில் எடுத்த ஒரு உயரத்தை வைத்துத் தடிமன் கணக்குப் போட்டால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. அவற்றுக்கு நீருக்கு மேலே தெரிகிற உயரத்தையும் அளந்த தேதியையும் மட்டும் குறித்துவிட்டு, தடிமன் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.